பாறையிலிருந்து கிளாஸுக்கு

அழகரை எதிர்கொள்ள மதுரைத் தல்லாகுளத்தில் கூட்டம் திரளும் சித்திரை வெயிலில் ஜிகர்தண்டாவுக்குத் தனி மவுசு. சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம்; இவற்றோடு வழுவழுவென்று தொண்டையில் இறங்குகிறதே, அந்தக் கடல்பாசியின் பூர்வீகம் கடலடிப் பாறை. சில கடைகளில் பாதாம் பிசின் போடுவார்கள். அது மரத்தில் வடிவது, அதன் கதை வேறு.

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் கரைகளில் பெண்கள் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி முக்குளிக்கிறார்கள். பாறையைப் பற்றியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் பறித்துப் பையில் சேர்க்கிறார்கள். இரண்டும் சிவப்புப் பாசி இனம். ஜிகர்தண்டாவில் சேரும் கடல்பாசியான அகரை எடுப்பது இவற்றிலிருந்துதான். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா ஆயின. அதன்பின், அம்மாவும் பாட்டியும் பறித்த இடத்தில் பறிப்பதே குற்றமானது. பவளப்பாறையைக் காக்கத்தான் வேண்டும். அதற்கான இழப்பு முழுவதையும் இந்தப் பெண்கள் தலையில் கட்டியது அநியாயம்.

கரையில் காய்ந்த பாசி லாரி ஏறி மதுரைக்கு வருகிறது. நாட்டின் அகர் ஆலைகள் பல இந்த ஊரைச் சுற்றித்தான் இருக்கின்றன. அலசி, வேகவைத்து, வடிகட்டி, ஆறவிட்டால் களி. அதை உறையவைத்து உருகவிட்டால் நீர் பிரியும். மிச்சத்தை உலர்த்தினால் அகர். ஒருமுறை கட்டிவிட்டால் சுமார் 85 டிகிரி செல்சியஸ் சூடு பட்டால்தான் இளகும். மதுரை வெயில் அதை ஒன்றும் செய்யாது. ஜெலட்டின் என்றால் ஓடிவிடும். கிருமி வளர்க்கும் ஜெலட்டின் கோடையில் உருகுகிறதே என்று கிருமி ஆய்வாளரான கணவர் வால்தர் ஹெஸ்ஸே தவித்தபோது, தன் சமையலறை அகரை எடுத்துக்கொடுத்தவர் ஃபேனி ஹெஸ்ஸே. வால்தர் பணிபுரிந்த ஆய்வகத்தின் தலைவர் ராபர்ட் கோக் 1882இல் காசநோய்க் கிருமி பற்றிய கட்டுரையில் அகரைக் குறிப்பிட்டார்; ஃபேனியின் பெயரைச் சொல்லவில்லை. இன்றும் ஆஸ்பத்திரி லேப்களில் கிருமி வளர்வது அகரில்தான்.

பாசியைப் பாறையில்தான் பறிக்க வேண்டும் என்றில்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஐரிஷ் மாஸ் என்னும் சிவப்புப் பாசியைக் கரையில் தொட்டி கட்டி வளர்த்து, ஜப்பானுக்குச் சாலட்டாக அனுப்புகிறார்கள். கடல்நீரை இறைத்து, அடியிலிருந்து காற்றை ஊதினால் பாசி புரண்டுகொண்டே இருக்கும். எல்லாக் கிளைக்கும் வெளிச்சம் படும். நம் மரிக்கொழுந்து மெதுவாக வளர்வது. தொட்டிக்குக் கஞ்சிப்பாசிதான் தோது. இறால் குளத்து நீரிலுள்ள அம்மோனியாவையும் உறிஞ்சி வளரும். மோட்டாருக்கான கரண்ட் செலவுதான் இடிக்கிறது. ஆனால் பவளத்துக்குப் பயமில்லை. மிதவைகளில் வளர்த்த வெளிநாட்டுக் கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே தொட்டிகளும் வரட்டும். வரும்போது, பாசியைத் தொட்டே தரம் சொல்லும் அந்தப் பெண்களைத் தினக்கூலிக்கு நிறுத்தாமல், அவர்கள் சங்கங்களின் பெயரிலேயே தொட்டிகளை எழுதிக்கொடுக்க வேண்டும்.