இளம்பெண்ணா, கன்னியா?

மண்ணச்சநல்லூர்ப் பகுதி அன்பியம் ஒன்றில் எசாயா 7:14-ஐயும் மத்தேயு 1:23-ஐயும் அடுத்தடுத்து வாசித்தால் ஒரு கேள்வி எழாமல் இருக்காது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் எசாயா 'இளம்பெண்' என்கிறார். மத்தேயு 'கன்னி' என்கிறார். அன்னை மரியாவின் கன்னிமையை மொழிபெயர்ப்பாளர்கள் மறைத்துவிட்டார்களோ என்று நம்மில் சிலர் கலங்குவதும் உண்டு.

மறைக்கவில்லை. எபிரேய மூலத்தில் உள்ள 'அல்மா' என்பது மணப்பருவத்து இளம்பெண்ணைக் குறிக்கும் சொல். கிறிஸ்துவுக்கு முன்பே யூதர்கள் அதைக் கிரேக்கத்தில் 'பார்த்தெனோஸ்', அதாவது கன்னி, என்று பெயர்த்திருந்தார்கள். மத்தேயு எடுத்தாண்டது அதையே. எசாயா பேசியதோ, கி.மு. 8-ஆம் நூற்றாண்டில், இரு அரசர்களின் படையெடுப்புக்கு அஞ்சிய ஆகாசு அரசரிடம். அவருக்கு அது அன்றைய அடையாளம். உயிர்த்த ஆண்டவரை நம்பிய மத்தேயுவுக்கு அதே வாக்கு பெத்லகேம் வரை நீள்கிறது.

தூய ஆவியால் எழுதப்பட்டதை அதே ஆவியில் வாசிக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கூறியது (இறை வெளிப்பாடு, எண் 12). அதே பத்தி, எழுதியவரின் காலச் சூழலையும் ஆராயச் சொல்கிறது. (இந்தப் பாதியைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்!) ஆகவே 'இளம்பெண்' என்று பெயர்த்தது நேர்மையே. நமது நம்பிக்கை அந்த ஒரு சொல்லில் தொங்கவும் இல்லை; லூக்கா நற்செய்தி, எசாயாவின் இந்த வாக்கை மேற்கோள் காட்டாமலேயே மரியாவைக் கன்னி என்கிறது (1:27).