டைமிங் இயக்கம் (பழைய லாரி இன்ஜின்களில்)

நான்கு வீச்சு இன்ஜினில் கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் கேம் தண்டு ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, வால்வுகளை உரிய க்ஷணத்தில் திறந்து மூட வேண்டும். இந்த விகிதம் பிசகாமல் காக்கும் அங்கமே டைமிங் இயக்கம் எனப்படும். பழைய லாரிகளில் இது பெரும்பாலும் இரு வகையாக அமைந்தது: பல்லோடு பல் பொருந்தி நேரே சுழலும் பற்சக்கர ஜோடி ஒன்று, விலகி நிற்கும் இரு சக்கரங்களைச் சங்கிலியால் பிணைப்பது மற்றொன்று. நேரே பொருந்திய சக்கரங்கள் எதிரெதிர்த் திசையிலும் சங்கிலியால் பிணைந்தவை ஒரே திசையிலும் சுழல்வதால், இடைச்சக்கரமோ வேறு கேம் தண்டோ இல்லாமல் ஒன்றின் ஸ்தானத்தில் மற்றொன்றை வைத்துவிட முடியாது.

ஆதிகால மோட்டார்களில் பற்சக்கரமே வழக்கமாக இருந்தது. 1908இல் வெளிவந்த போர்டு ‘டி’ மாடலும் அவ்வாறே. சங்கிலியைப் பொறுத்தவரை, ஸ்விட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் உருளைச் சங்கிலியையும், 1895இல் சப்தம் குறைந்த பற்சங்கிலியையும் உருவாக்கினார்.

பற்சக்கரத்தின் பிரதான தோஷம் சப்தம். வால்வின் ஸ்பிரிங் அமுங்கும்போது கேம் தண்டைத் தடுத்தும், விரியும்போது அதை முன்னே தள்ளியும் விடுவதால், பற்களுக்கிடையே உள்ள அணுவளவு இடைவெளியில் அவை மாறிமாறி மோதிக்கொண்டே இருக்கும். இதற்குப் பரிகாரமாக 1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பரவியது நார்ச் சக்கரம். பருத்தித் துணியை அடுக்கடுக்காக வைத்து, பேக்லைட் இனத்துப் பிசினில் ஊறவைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் கெட்டிப்படுத்தி, பின்னர் அதில் சாய்வான பற்களை வெட்டி எடுத்தார்கள். கிராங்க் தண்டில் சிறிய எஃகுச் சக்கரமும், கேம் தண்டில் அதைப்போல் இரு மடங்கு பற்களுள்ள இந்தத் துணிச் சக்கரமும் பொருந்தின. போர்டின் ‘ஏ’ மாடலிலும், 1929ஆம் வருஷத்து மாடலாக வந்த செவ்ரொலே ஆறு சிலிண்டர் இன்ஜினின் சந்ததியிலும் இவ்வகைச் சக்கரங்கள் ஓடின. டன் கணக்கில் சுமை இழுக்கும் வண்டியின் உயிர்நாடி ஒரு காலத்தில் பருத்தி நூலை நம்பியிருந்தது என்பது இயந்திரவியல் சரித்திரத்தின் சுவையான செய்திகளுள் ஒன்று.

இச்சக்கரத்தின் முடிவு பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி வந்தது. உஷ்ணத்தாலும் பழைய எண்ணெயாலும் தளர்ந்த பற்கள் ஒரே சமயத்தில் சிதைந்து போக, இன்ஜின் அக்கணமே நின்றுவிடும். வால்வுகள் பக்கவாட்டில் அமைந்த இன்ஜின்களில் அவை பிஸ்டனோடு மோத வழியில்லாததால் சேதம் அதோடு நிற்கும். செவ்ரொலே ஆறு சிலிண்டரில் சக்கரம் கேம் தண்டின்மேல் அழுத்தி ஏற்றப்பட்டிருந்தமையால், அதை முறைப்படி மாற்ற ரேடியேட்டரைக் கழற்றி, தண்டையே வெளியே உருவி, அழுத்து யந்திரத்தில் வைத்துப் பழையதை நீக்கிப் புதியதை ஏற்ற வேண்டியிருந்தது. பாரம் மிகுந்த லாரிகளுக்கு அலுமினியமோ இரும்போ விரும்பப்பட்டது. சற்று உரத்த ரீங்காரத்தை லாரிக்காரர்கள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை என்றே தோன்றுகிறது. 1965இல் வந்து 1996 வரை நீடித்த போர்டு 300 கன அங்குல இன்ஜினும், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் 304, 345 கன அங்குல வி-8 இன்ஜின்களும் பற்சக்கரத்தையே கைக்கொண்டன.

டாட்ஜின் பக்க வால்வு ஆறு சிலிண்டர்களும் 1955இல் தோன்றிய செவ்ரொலே வி-8 இன்ஜினும் சங்கிலியை ஏற்றன. வி-8இல் மேல் சக்கரம் மூன்றே போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டிருந்தது. பழுது பார்ப்போர்க்கு இது பெரிய சௌகரியம். சங்கிலி தேயும்போது, கண்ணிகளின் ஊசிகளும் புஷ்களும் தேய்ந்து மொத்த நீளம் கூடுகிறது. கேம் தண்டு பின்தங்கி, இழுவை படிப்படியாகக் குறையும். சப்தத்தைத் தணிக்கப் பின்னர் நைலான் பற்கள் பூசிய அலுமினியச் சக்கரம் வந்தது. அது முதுமையில் உதிர்ந்து, எண்ணெய்ப் பம்பின் சல்லடையை அடைத்து, வேறு கேடுகளுக்கும் வித்திட்டது.

லாரிக்குப் பற்சக்கரமே உகந்தது என்ற பொது அபிப்பிராயத்துக்கு இங்கிலாந்தின் டீசல்கள் முழுவதும் இடங்கொடுக்கவில்லை. மான்செஸ்டரை அடுத்த பாட்ரிகிராஃப்டில், 1931 முதல் உற்பத்தியான கார்ட்னர் எல்.டபிள்யூ. இன்ஜின்கள் சங்கிலியைக் கொண்டே நீண்ட ஆயுளுக்குப் பெயர்பெற்றன. 1937இல் அறிமுகமான பெர்க்கின்ஸ் பி-6 இன்ஜினிலும் சங்கிலியே இருந்தது. பெர்க்கின்ஸ் வகை இன்ஜின்களைச் சென்னைச் செம்பியத்தில் சிம்ப்ஸன் கம்பெனி 1950களில் தயாரிக்கலாயிற்று. 1960இல் வந்த பெர்க்கின்ஸ் 6.354 பற்சக்கரத்துக்கு மாறியது. ஜாம்ஷெட்பூரில் 1954 முதல் உருவான டாடா-மெர்சிடிஸ் லாரிகளும் பற்சக்கரம் கொண்டவையே.

எது நெடுநாள் உழைக்கும் என்பதில் ஏகோபித்த முடிவு ஏற்படவில்லை. உலோகப் பற்சக்கரம் இன்ஜினின் ஆயுள் முழுவதும் உழைக்கும் என்பது ஒரு கட்சி. மந்த வேகத்தில் ஓடி, எண்ணெய் ஒழுங்காக மாற்றப்படும் இன்ஜினில் தடித்த சங்கிலி அதற்குச் சற்றும் தாழாது என்பது மறு கட்சி. கார்ட்னரை வைத்துப் பார்த்தால் இரண்டாவது வாதத்தைத் தள்ளிவிட இயலாது.

பிற்காலப் பெரிய டீசல்களில் பற்சக்கரமே நிலைபெற்றது. கிராங்க் தண்டின் முறுக்கு அதிர்வு குறைவாக உள்ள பறக்குஞ்சக்கரப் பக்கத்துக்கு அதை மாற்றும் வழக்கமும் பரவியது. டெட்ராய்ட் டீசலின் டிடி-15 (2007) இதற்கு உதாரணம். அதே கம்பெனியின் இரு வீச்சு 71 வரிசை இன்ஜின்களில் 1938லேயே பற்சக்கரங்கள் அந்தப் பக்கத்தில்தான் இருந்தன.