டன்விச்

டன்விச் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியான சஃபோக் கவுண்டியில், வட கடலை ஒட்டி அமைந்துள்ள ஒரு சிற்றூர் ஆகும். இங்கிலாந்தின் உள்ளாட்சி அமைப்பில் மிகச் சிறிய அலகான பாரிஷ்களுள் இதுவும் ஒன்று. நடுக்காலத்தில் முக்கியத் துறைமுக நகராக விளங்கிய இவ்வூரின் பெரும்பகுதி கடலரிப்பால் அழிந்துவிட்டது.

வரலாறு

முதலாம் வில்லியம் மன்னரின் ஆணைப்படி 1086 இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நூல், டன்விச்சில் மூன்று தேவாலயங்கள் இருந்ததாகவும், ஊர் ஆண்டுதோறும் 68,000 ஹெர்ரிங் மீன்களைத் திறையாகச் செலுத்தியதாகவும் குறிப்பிடுகிறது. விளைநிலத்தில் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோன செய்தியும் அந்நூலிலேயே உள்ளது. 1199 இல் ஜான் மன்னர் இந்நகருக்குத் தன்னாட்சி உரிமைப் பட்டயம் வழங்கினார்.

கடற்கோளும் வீழ்ச்சியும்

இங்குள்ள கடற்கரை, மணலும் சரளையும் கலந்த இளகிய மண்ணாலானது. அலைகள் இதை எளிதில் அரித்துவிடும். 1286, 1287 ஆண்டுகளின் புயல்கள் நகருக்குப் பெருஞ்சேதம் விளைவித்தன. எனினும் வீழ்ச்சிக்கு நிலம் அழிந்தது மட்டும் காரணமன்று. 1328 ஆம் ஆண்டுப் புயலில் சரளைத் திட்டு துறைமுக வாயிலை அடைத்துக்கொள்ள, ஆற்றின் முகத்துவாரம் வடக்கே நகர்ந்தது. கப்பல்களும் வணிகமும் அண்டை ஊர்களுக்குச் சென்றன. வருவாய் இழந்த நகரால் தன் கரையைக் காத்துக்கொள்ள இயலவில்லை.

நாடாளுமன்றத் தொகுதி

ஊர் சுருங்கிய பின்னரும் அதன் அரசியல் உரிமை சுருங்கவில்லை. நடுக்காலத்தில் பெற்ற உரிமையின்படி டன்விச் தொடர்ந்து இரண்டு உறுப்பினர்களை மக்களவைக்கு அனுப்பி வந்தது. இறுதிக் காலத்தில் வாக்காளர்கள் 32 பேர் மட்டுமே. அதே வேளையில் மான்செஸ்டர் போன்ற பெரிய தொழில் நகரங்களுக்குத் தனி உறுப்பினர் எவரும் இல்லை. இத்தகைய தொகுதிகள் 'அழுகிய தொகுதிகள்' எனப் பழிக்கப்பட்டன. 1832 ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் இத்தொகுதியை நீக்கியது.

எஞ்சியவை

பழைய தேவாலயங்களுள் கடைசியாக நின்ற அனைத்துப் புனிதர் தேவாலயம், 18 ஆம் நூற்றாண்டில் கைவிடப்பட்டது. 1904 முதல் சிறிது சிறிதாகக் கடலில் சரிந்த அதன் கோபுரம் 1919 இல் வீழ்ந்தது. கோபுரத்தின் உதைசுவர்களுள் ஒன்று, 19 ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட புனித ஜேம்சு தேவாலய வளாகத்தில் காக்கப்படுகிறது. பிரான்சிசுகன் துறவியர் மடத்தின் சிதைவுகளும் காணப்படுகின்றன.

ஆய்வுகள்

கலங்கிய நீரில் கண்ணால் காண்பது அரிதாகையால், 2008 முதல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் சியர் தலைமையிலான குழுவினர் ஒலியலைக் கருவிகளைக் கொண்டு கடலடியை ஆராய்ந்தனர். தேவாலயங்கள் உள்ளிட்ட கட்டடங்களின் சிதைவுகள் கண்டறியப்பட்டு, மூழ்கிய நகரின் வரைபடம் உருவாக்கப்பட்டது.