பாரோஸ் (இயங்குதளம்)

பாரோஸ் என்பது செல்லிடத் தொலைபேசிகளுக்கான ஓர் இயங்குதளம் ஆகும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பிரவர்த்தக் தொழில்நுட்ப அறக்கட்டளையின் ஆதரவில் வளர்ந்த ஜேண்ட்கே ஆபரேஷன்ஸ் என்னும் நிறுவனம் இதனை உருவாக்கியது. 2023 ஜனவரியில் இது அறிவிக்கப்பட்டது. பிறர் எழுதிய திறமூல நிரலின் மீது கட்டப்பட்ட ஆக்கத்தை உள்நாட்டுப் படைப்பு என அழைக்கலாமா என்ற விவாதத்தினாலும் இது அறியப்படுகிறது.

சிறப்பியல்புகள்

இதில் கூகுள் செயலிகள் முன்கூட்டியே நிறுவப்படுவதில்லை. பயனர் தமக்குத் தேவையானவற்றை மட்டும் நிறுவிக்கொள்ளலாம். நம்பகமான செயலிகளை வழங்க, அந்தந்த நிறுவனத்துக்கெனத் தனிச் செயலிக் களஞ்சியங்கள் அமைக்கப்படுகின்றன. தகவல் பாதுகாப்பு மிகுதியாகத் தேவைப்படும் நிறுவனங்களை முன்னிட்டு இது வடிவமைக்கப்பட்டது.

தோற்றம் குறித்த சர்ச்சை

அறிமுகத்தின் போது இது உள்நாட்டு இயங்குதளம் என முன்வைக்கப்பட்டது. ஆனால் பாரோஸ், ஆண்ட்ராய்டு திறமூலத் திட்டத்தின் நிரலை அடிப்படையாகக் கொண்டது. அத்திட்டமோ, 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருவின் மீது அமைந்தது. மூல ஆக்குநர்களின் பங்கு மறைக்கப்படுகிறது என்பது விமர்சகர்களின் வாதம். வெளியாரைச் சாராமல் நிரலைச் சோதித்து இற்றைப்படுத்தும் ஆற்றலே தற்சார்பு என்பது ஆதரவாளர்களின் வாதம்.

உரிம நிலை

திறமூல நிரலை மாற்றி வேறு பெயரில் வெளியிடுவது குற்றமன்று. உரிமங்களே அதனை அனுமதிக்கின்றன. ஆண்ட்ராய்டின் பெரும்பகுதி அப்பாச்சி 2.0 உரிமத்தின் கீழ் உள்ளது. மூலநிரலை வெளியிடுமாறு இவ்வுரிமம் கோருவதில்லை. எனினும் பதிப்புரிமைக் குறிப்புகளை நீக்கலாகாது. லினக்ஸ் கரு குனூ பொது உரிமத்தின் 2 ஆம் பதிப்பின் கீழ் உள்ளது. இதன்படி, கருவியைப் பெறுபவர் அக்கருவின் மூலநிரலையும் கேட்டுப் பெறலாம். மேலும், ஆண்ட்ராய்டு என்பது கூகுளின் வணிகக்குறி ஆதலால், வழிவந்த ஆக்கங்கள் அப்பெயரைத் தம் பெயராகச் சூட்டிக்கொள்ள இயலாது. எனவே பெயர் மாற்றத்தை மட்டும் கொண்டு மூலம் மறைக்கப்பட்டதாகக் கருத முடியாது. உரிமம் கோரும் குறிப்புகள் நிரலோடு இருந்தாலும், பொதுமக்களுக்கான அறிவிப்பில் மூலத்தைக் குறிப்பிடுவது நேர்மை சார்ந்த கேள்வியாகவே எஞ்சுகிறது.

ஒப்பீடு

சி-டாக் நிறுவனம் 2007 இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. டெபியன் திட்டமும் 1994 இல் தன் பெயரை டெபியன் குனூ/லினக்ஸ் என மாற்றி, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 இல் அறிவித்த குனூ திட்டத்தின் பங்கினைப் பெயரிலேயே ஏற்றுக்கொண்டது.

இவற்றையும் பார்க்க

கட்டற்ற மென்பொருள்
குனூ/லினக்ஸ் பெயர்ச் சர்ச்சை
பாஸ் லினக்ஸ்