உதவித்தொகை வந்து சேரும் கணக்கு: பதின்வயது மாணவருக்கு வங்கியைக் கற்பித்தல்

'தொகை செலுத்தப்பட்டுவிட்டது' என்று உதவித்தொகை இணையதளம் காட்டுகிறது. மாணவியின் வங்கிப் புத்தகத்தில் அப்படியொரு வரவு இல்லை. கல்லூரி அலுவலகம் வங்கிக்குப் போகச் சொல்கிறது. வங்கி நலத்துறை அலுவலகத்தைக் கைகாட்டுகிறது. நலத்துறை மீண்டும் கல்லூரிக்கே அனுப்புகிறது. பட்டியல் சாதி மாணவர்களிடையே பணியாற்றும் எந்த அமைப்பும் இந்த அலைச்சலை அறியும். பெரும்பாலும் அந்தப் பணம் தொலைந்திருப்பதில்லை. அதே மாணவியின் பெயரில், அவளே மறந்துபோன வேறொரு கணக்கில் கிடக்கிறது. அல்லது கணக்கு முடங்கியிருந்ததால் அனுப்பிய இடத்துக்கே திரும்பியிருக்கிறது.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேல்நிலைக் கல்வி உதவித்தொகைத் திட்டம் 2020 டிசம்பரில் திருத்தப்பட்டது. அதன்படி ஒன்றிய அரசின் பங்கான 60 சதவீதம் 2021-22 கல்வியாண்டு முதல் மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகச் செல்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும் 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாயை மாணவரின் கணக்கில்தான் சேர்க்கின்றன. ஆக, பதினாறு பதினேழு வயதில் ஒரு வங்கிக் கணக்கைச் சரியாக வைத்திருக்கத் தெரியாமற்போனால் ஓராண்டுப் படிப்பே தடைபடக்கூடும். பள்ளிப் பாடத்திட்டம் வட்டிக் கணக்குப் போடக் கற்பிக்கிறது. பணம் எடுக்கும் சீட்டை நிரப்பக் கற்பிப்பதில்லை. அந்த இடத்தை நம் மாலைநேரப் படிப்பகங்கள்தாம் நிரப்ப வேண்டியிருக்கிறது. 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றி நூல் எழுதிய பொருளியல் அறிஞரின் படத்தை அந்தப் படிப்பகங்களின் சுவர்களில் மாட்டியிருக்கிறோம். பணத்தைப் பற்றிய பாடம் அங்கே அந்நியமானதாக இருக்க வேண்டியதில்லை.

எந்தக் கணக்கு

அயல்நாட்டு நிதிக்கல்விக் காணொளிகளைப் பார்க்கும் மாணவர்கள் 'செக்கிங் அக்கவுண்ட்' என்ற சொல்லைக் கேட்டுக் குழம்புகிறார்கள். அன்றாடம் போட்டு எடுக்கும் அந்த வகைக் கணக்கின் வேலையை இந்தியாவில் தனிநபர்களுக்குச் சேமிப்புக் கணக்கே செய்கிறது. நடப்புக் கணக்கு என்பது வணிகர்களுக்கும் நிறுவனங்களுக்கும் உரியது.

பத்து வயது நிரம்பிய சிறார் தாமே கணக்குத் தொடங்கி இயக்கலாம். 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இதை மீண்டும் உறுதிசெய்தது. எவ்வளவு தொகை வரை என்பதையும் டெபிட் அட்டை தருவதா என்பதையும் அந்தந்த வங்கி முடிவுசெய்யும். அதற்கும் குறைந்த வயதுடைய பிள்ளைக்குப் பெற்றோர் காப்பாளராக இருந்து தொடங்கலாம். தாய் மட்டும் காப்பாளராகக் கையெழுத்திடுவதற்கும் விதியில் இடமுண்டு. 'அப்பாவை அழைத்து வா' என்று திருப்பி அனுப்பினால் இதைச் சுட்டிக்காட்ட வேண்டும்.

அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்ற பெயரை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும். இதில் குறைந்தபட்ச இருப்பு எதுவும் தேவையில்லை. டெபிட் அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் இல்லை. மாதம் நான்கு முறையாவது கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். ஜன்தன் கணக்குகளும் இந்த வகையைச் சேர்ந்தவையே. ஆனால் கவுன்டரில் கேட்காதவரை இதைப் பல கிளைகள் எடுத்துச் சொல்வதில்லை. உரிய ஆவணம் எதுவும் இல்லாத குடும்பத்தினர் புகைப்படமும் கையொப்பமும் தந்து 'சிறு கணக்கு' தொடங்கலாம். அதில் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. மாதத்திற்கு 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. படிவங்கள் தமிழிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆங்கிலப் படிவத்தின் முன் தயங்கி நிற்கும் முதல் தலைமுறை மாணவருக்கு இந்த ஒரு செய்தியே பாதித் தயக்கத்தைப் போக்கிவிடும்.

பதினெட்டு வயது நிறைவது இங்கே ஒரு பொறி. அதுவரை சிறார் கணக்காக இருந்ததற்குப் புதிய கையொப்பமும் அடையாள ஆவணமும் தந்தாக வேண்டும். தராவிட்டால் வங்கி கணக்கின் இயக்கத்தை நிறுத்திவைக்கலாம். மாணவர் கல்லூரியில் சேர்ந்து உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் காலமும் ஏறத்தாழ அதுவே. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் வரும் விடுமுறையில் இந்த வேலையை முடித்துவிடச் சொல்வது நல்லது.

ஆதார் முடிச்சு

பணம் 'காணாமற்போகும்' சிக்கலின் மையம் இதுதான். சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குக்குப் பணம் அனுப்ப இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் கொண்டு அனுப்புவது. பதினொரு எழுத்துகள் கொண்ட அக்குறியீட்டில் முதல் நான்கு வங்கியைக் குறிக்கும், ஐந்தாவது பூச்சியம், கடைசி ஆறு கிளையைக் குறிக்கும். 2020இல் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் வங்கியோடும் இணைந்தன. இத்தகைய இணைப்புகளுக்குப் பின் குறியீடுகள் மாறுகின்றன. பழைய வங்கிப் புத்தகத்தைப் பார்த்து விண்ணப்பத்தை நிரப்பினால் பணம் திரும்பிவிடும்.

மற்றொரு வழி, ஆதார் எண்ணைக் கொண்டு அனுப்புவது. நேரடிப் பயன் மாற்றத் திட்டங்கள் பலவும் இவ்வழியில் செல்கின்றன. இங்கே கணக்கு எண்ணுக்கு வேலையில்லை. இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் வைத்திருக்கும் பட்டியலில் அந்த ஆதார் எண்ணுக்கு எதிரே எந்த வங்கியின் பெயர் இருக்கிறதோ அந்த வங்கிக்குப் பணம் போகும். ஓர் ஆதாருக்கு ஒரு வங்கி மட்டுமே அப்பட்டியலில் இருக்கும்; கடைசியாகப் பதிந்த வங்கி முந்தையதை அகற்றிவிடும்.

வங்கியில் ஆதார் நகலைக் கொடுத்துக் கணக்கோடு இணைப்பது வேறு. அந்தப் பட்டியலில் பதிவது வேறு. முன்னது மட்டும் நடந்திருந்தால் அரசுப் பணம் வராது. 'ஆதார் கொடுத்துவிட்டேனே' என்று மாணவர் சொல்வதும், 'இணைக்கப்படவில்லை' என்று நலத்துறை சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இதனால்தான். பின்னதற்குத் தனியே ஒப்புதல் படிவம் தரவேண்டும். எந்த வங்கி பதிவாகியுள்ளது என்பதை ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் மாணவரே பார்க்கலாம்.

ஒப்புதல் என்பது வெறும் சடங்கு அன்று. கைபேசி எண்ணைச் சரிபார்ப்பதாகச் சொல்லி வாடிக்கையாளரின் ஆதாரைப் பெற்று, அவர் அறியாமலே கணக்குத் தொடங்கி, சமையல் எரிவாயு மானியம் அங்கே போய்ச் சேர்ந்த விவகாரத்தில் 2017 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனத்தின் மீதும் அதன் பேமெண்ட்ஸ் வங்கி மீதும் ஆதார் ஆணையம் நடவடிக்கை எடுத்தது. சிம் அட்டைக் கடையிலும் தெருமுனைக் குடையின் கீழும் விரலை வைக்குமுன் 'எதற்காக?' என்று கேட்கும் பழக்கத்தை மாணவரிடம் உண்டாக்க வேண்டும்.

இரண்டாண்டுகள் வரவுசெலவு இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும். ஆனால் அரசின் உதவித்தொகைக்காகவோ நேரடிப் பயனுக்காகவோ தொடங்கிய கணக்குகளை அவ்வாறு முடக்கக்கூடாது என்று 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதி கூறுகிறது. செயலற்றுப்போன கணக்கை உயிர்ப்பிக்கக் கட்டணமும் வாங்கக்கூடாது.

அட்டை எப்படி வேலை செய்கிறது

டெபிட் அட்டையில் பணம் இல்லை. கணக்கைத் திறக்கும் திறவுகோல் அது. கிரெடிட் அட்டையில் செலவிடுவது வங்கியின் பணம், அதாவது கடன். டெபிட் அட்டையில் செலவிடுவது நம் கணக்கில் உள்ள பணம். பிற வங்கியின் ஏடிஎம்மில் அட்டையைச் செருகும்போது அதன் சில்லில் உள்ள விவரமும் நாம் அழுத்தும் இரகசிய எண்ணும் மறைகுறியாக்கப்பட்டுக் கொடுப்பனவுக் கழகத்தின் இணைப்பகம் வழியாக நம் வங்கியைச் சென்றடைகின்றன. எண் பொருந்துகிறதா, இருப்பு உள்ளதா என்று நம் வங்கி பார்த்து இசைவு தந்த பிறகே பணம் வெளிவருகிறது. இந்த வழியைக் கரும்பலகையில் ஒருமுறை வரைந்து காட்டினால், பணம் வராமலே கணக்கில் கழிந்துபோவது எப்படி என்பது தானே விளங்கும்: இசைவு போய்ச் சேர்ந்தது, இயந்திரம் தவறியது. அப்படிக் கழிந்த தொகையை ஐந்து நாட்களுக்குள் வங்கி தானாகவே திருப்பிச் செலுத்த வேண்டும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. 2019 செப்டம்பரில் வந்த விதி இது.

கட்டணத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கணக்குப் போட்டுக் காட்டலாம். வழக்கமான சேமிப்புக் கணக்கில் சொந்த வங்கியின் ஏடிஎம்மில் மாதம் ஐந்து முறையும், பிற வங்கியின் ஏடிஎம்மில் சென்னை போன்ற பெருநகரங்களில் மூன்று முறையும் ஏனைய ஊர்களில் ஐந்து முறையும் கட்டணமில்லை. அதற்கு மேல் 2025 மே 1 முதல் ஒரு முறைக்கு 23 ரூபாய் வரை பிடிக்கலாம். 18 சதவீத வரி சேர்ந்தால் 27 ரூபாய் 14 காசு. 1,000 ரூபாய்க்கு 3 சதவீத வட்டி என்றால் ஓராண்டு முழுதும் கிடைப்பது 30 ரூபாய். நூறு நூறாக எடுப்பவருக்கு ஒரே ஒரு கூடுதல் முறை அந்த வட்டி முழுவதையும் ஏறக்குறைய விழுங்கிவிடுகிறது.

அட்டையின் மேலுள்ள எண், காலாவதித் தேதி, பின்புற மூன்றிலக்க எண், கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவெண் ஆகியவை சேர்ந்தால் அட்டை இல்லாமலே பணத்தை எடுக்கலாம். அட்டையின் கடைசி ஆறு இலக்கங்களும் காலாவதித் தேதியும் கடவெண்ணும் தெரிந்தால் யுபிஐ இரகசிய எண்ணையே மாற்றி அமைக்கலாம். பணத்தைப் பெறுவதற்கு யுபிஐ எண்ணை அழுத்தவோ சதுரக் குறியீட்டை ஸ்கேன் செய்யவோ தேவையில்லை. அவை பணம் கொடுப்பதற்கு மட்டுமே. 'உங்கள் உதவித்தொகை வந்துள்ளது, பெற்றுக்கொள்ள எண்ணை அழுத்துங்கள்' என்று வரும் அழைப்பை இருவர் நடித்துக் காட்டுவது, பத்துப் பக்கத் துண்டறிக்கையைவிடப் பயன் தரும்.

நம் குடும்பங்கள் பலவற்றில் அட்டையை இயக்குவது பிள்ளைதான். நூறு நாள் வேலைக் கூலியையும் பாட்டியின் ஓய்வூதியத்தையும் எடுத்துவருவது பத்தாம் வகுப்பு மாணவியாக இருக்கும். எனவே வங்கி முகவரிடம் விரல் வைக்கும்போது 'பதியவில்லை, மறுபடி வையுங்கள்' என்றால் முதல் முயற்சிக்கும் சீட்டுக் கேட்க அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் தொழிலாளர்களின் ஏடிஎம் அட்டைகளைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, ஏட்டில் ஒரு கூலியும் கையில் ஒரு கூலியுமாகத் தருவது பழைய கொடுமையின் புதிய வடிவம். கல்விக்கட்டணத்துக்கு ஈடாக மாணவரின் அட்டையையோ கையொப்பமிட்ட வெற்றுச் சீட்டையோ காசோலையையோ கேட்க எந்தக் கல்லூரிக்கும் அதிகாரம் கிடையாது. கேட்டால் எழுத்துவழியாகக் கேட்கும்படி சொல்ல வேண்டும். பெரும்பாலும் எழுதித் தரமாட்டார்கள்.

கணக்கை வாடகைக்குக் கேட்பவர்கள்

இன்று கல்லூரி மாணவரைச் சூழ்ந்துள்ள பேராபத்து இது. 'உன் கணக்கில் கொஞ்சம் பணம் வரும். எடுத்துக் கொடுத்தால் ஐயாயிரம் உனக்கு' என்று, அறிந்த அண்ணன் ஒருவரே வந்து கேட்பார். சில வேளைகளில் அட்டையையும் சிம்மையும் சேர்த்தே வாங்கிக்கொள்வார்கள். வருகிற பணம் எங்கோ ஒருவரிடம் இணையவழியில் ஏமாற்றிப் பறித்தது. ஏமாந்தவர் புகார் கொடுத்ததும் பணம் போன பாதையைக் காவல்துறை பின்தொடரும். முதலில் அகப்படுவது கணக்கின் உரிமையாளரே. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்கீழ் கணக்கு முடக்கப்படலாம். உதவித்தொகையும் அதோடு முடங்கும். வழக்கு வேறு மாநிலத்தில் இருந்தால் அங்கே போய் நிற்க வேண்டிவரும்.

மூளையாக இருந்தவர் வெளியே இருக்க, ஐயாயிரத்துக்குக் கையெழுத்திட்ட ஏழை மாணவர் குற்றஞ்சாட்டப்பட்டவராக நிற்பது தற்செயல் அன்று. யாருக்குப் பணமுடை அதிகமோ அவரைத் தேடித்தான் தரகர் வருகிறார். 'பேராசைப்படாதே' என்று அறிவுரை சொல்வது இங்கே பயனற்றது; அந்த மாணவருக்கு விடுதிக் கட்டணம் கட்டும் நாள் நெருங்கியிருக்கும். உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில்தான் இந்தத் தரகு செழிக்கிறது. ஆகவே இந்தப் பாடத்தைக் கல்லூரி தொடங்கும் சூன் மாதத்திலேயே நடத்திவிட வேண்டும். அறியாமல் யாரேனும் பணம் போட்டுவிட்டால் அதை எடுக்காமல், உடனே கிளைக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை முத்திரை பெற்றுவைக்கச் சொல்ல வேண்டும்.

பணம் பறிபோனால்

முதல் வேலை அட்டையை முடக்குவது. வங்கியின் கட்டணமில்லா எண்ணை அட்டையைத் தவிர வேறோரிடத்திலும் எழுதி வைத்திருந்தால்தான் இது முடியும். அடுத்தது 1930 என்ற இணையக்குற்ற உதவி எண். பணம் கைமாறிப் போய்க்கொண்டிருக்கும்போதே தடுத்து நிறுத்தும் வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம்.

2017 ஜூலை 6 நாளிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை பொறுப்பை இவ்வாறு பகுக்கிறது. தவறு வாடிக்கையாளருடையதும் அன்று, வங்கியுடையதும் அன்று எனில், தகவல் கிடைத்த மூன்று வேலைநாட்களுக்குள் தெரிவித்தால் அவருக்கு இழப்பே இல்லை. நான்கிலிருந்து ஏழு நாட்களுக்குள் என்றால், அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 5,000 ரூபாயும், ஏனைய சேமிப்புக் கணக்குகளில் 10,000 ரூபாயும் அவர் தலையில் விழலாம். கடவெண்ணைத் தாமே சொல்லியிருந்தால், தெரிவிக்கும் வரையான இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு நடப்பது வங்கியுடையது. 'நீதானே சொன்னாய்' என்று கூறிப் புகாரையே வாங்க மறுப்பதற்கு இதில் இடமில்லை.

புகாரை எழுத்தில் கொடுத்து எண் பெற வேண்டும். வங்கி மறுத்தாலோ, 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. இணையதளம் வழியாகவும் அஞ்சலிலும் அனுப்பலாம். எப்படி அனுப்புவது என்பதை 14448 என்ற எண்ணில் கேட்டறியலாம். கிளையில் கொடுத்த முதல் மனுவின் முத்திரையிட்ட நகலை உடன் இணைக்க வேண்டும்.