தளர்நடையும் திங்கட் கணக்கும்

ஈழத்தின் கீழைக் கடலோரத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய முஸ்லிம் ஊர்கள் உள்ளன. மணமான பெண் தாய்வீட்டிலேயே வாழ்வது அங்கு நெடுங்கால வழக்கம். ஆதலின் மகவு உம்மாவின் கையிலும் உம்மம்மாவின் மடியிலும் வளர்கிறது. பிள்ளை தலை நிமிர்த்தியதையும், தவழ்ந்ததையும், தளர்நடை பயின்றதையும் முதலில் கண்டு சொல்பவள் பல பிள்ளைகளை வளர்த்தெடுத்த அம்மூதாட்டியே.

இவ்வளர்ச்சியைப் படிப்படியாக எண்ணும் மரபு தமிழுக்குப் புதிதன்று. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன்மீது பிள்ளைத்தமிழ் பாடினார். பாட்டியல் நூல்கள் கூறும் ஒரு கணக்கின்படி, 3ஆம் திங்கள் முதல் 21ஆம் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்கள்களில் பத்துப் பருவங்கள் அமைகின்றன. 5ஆம் திங்களில் தலை தூக்கி அசைந்தாடுவது செங்கீரை. 9ஆம் திங்களில் கைகொட்டுவது சப்பாணி. 13ஆம் திங்களில் அடியெடுத்து வருவது வருகை. பின்னாளில் இசுலாமியப் புலவர்கள் நபிகள் நாயகத்தின்மீதும் பிள்ளைத்தமிழ் பாடினர். இவ்வாறு இக்கணக்கு சமய எல்லை கடந்து தமிழ் பேசும் அனைவருக்கும் பொதுவாயிற்று.

இலங்கையில் 1926இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அம்முறை நாடெங்கும் பரவவே, மருத்துவ மாதர் வீடு தேடிச் சென்று தாயையும் சேயையும் பார்க்கும் வழக்கம் வேரூன்றியது. பாட்டிலிருந்த கணக்கு பதிவேட்டிலும் இடம்பெற்றது.

ஆயினும் இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளின் பிள்ளைகளை ஆராய்ந்து, 2006இல் ஓர் அளவை வெளியிட்டது. அதன்படி நலமுள்ள பிள்ளை 8ஆம் திங்கள் கடந்தும் தனியே நடக்கலாம். 17ஆம் திங்கள் கடந்தும் நடக்கலாம். தவழாமலே நடந்துவிடும் பிள்ளைகளும் சிலர் உளர். ஆதலின் 13ஆம் திங்களில் நடக்கவில்லையே என்று தாய் கலங்க வேண்டுவதில்லை. 18 திங்கள் நிறைந்தும் நடவாத பிள்ளையை, "இவன் வாப்பாவும் பிந்தித்தான் நடந்தார்" என்று வாளா விடுதலும் தகாது. மருத்துவரிடம் காட்டுதலே முறை. குறை இருப்பின், முன்னரே அறிந்தால் பயிற்சியும் முன்னரே தொடங்கும்.

பிள்ளைத்தமிழ் பாடுவது பருவந்தோறும் தவறாது வளரும் பிள்ளையை. பிந்தி வரும் பிள்ளைக்கு அதில் ஒரு பருவம் இல்லை. அப்பிள்ளையைத் தேடிக் காண்பதற்கே பதிவேடு எழுந்தது. உம்மம்மாவின் கண்ணும் மருத்துவ மாதின் கணக்கும் ஒன்றுபடும் வீட்டில், பிந்திய பிள்ளையும் கவனிப்பாரற்றுப் போவதில்லை.