நெடுங்காலம் நின்ற விசையுந்தை மீள இயக்குதல்

மோட்டார் சைக்கிள் எனப் பெருவழக்காக அழைக்கப்படும் விசையுந்து பல மாதங்களோ ஆண்டுகளோ ஓட்டப்படாமல் நின்ற பின், அதனை மீண்டும் சாலையில் செல்லத்தக்க நிலைக்குக் கொண்டுவரும் பணிகளின் தொகுப்பே விசையுந்தை மீள இயக்குதல் ஆகும். எந்திரத்தையும் பிற பாகங்களையும் சீர்செய்தல், பதிவு, காப்பீடு முதலிய ஆவணங்களைப் புதுப்பித்தல் ஆகிய இரண்டும் இதில் அடங்கும். எந்திரம் ஓசையிட்டதும் வேலை முடிந்ததாகக் கருதுவோர் உளர். வண்டி ஓடுமா என்பதற்கு முன்பாக, ஓடும் வண்டி நிற்குமா என்பதே பார்க்கப்பட வேண்டும்.

கடலூர், சிதம்பரம் பகுதிகளில்

கடலூர் மாவட்டத்தின் கரையோரத்தில் இப்பணி உள்நாட்டுப் பகுதிகளைவிடக் கடினமானது. தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை போன்ற இடங்களில் உப்புக்காற்று ஆண்டு முழுவதும் இரும்பை அரிக்கிறது. அக்டோபர் முதல் திசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையின் ஈரப்பதம் மின்னிணைப்புகளில் பச்சைக் களிம்பை உண்டாக்குகிறது. வெளிநாட்டு வேலைக்குச் சென்றவர்களின் வண்டிகளும், உரிமையாளர் இறந்தபின் விற்க மனமின்றித் திண்ணையோரம் நிறுத்தப்பட்ட வண்டிகளும் இங்கு பல வீடுகளில் காணப்படுகின்றன.

இவற்றுடன் வெள்ளமும் சேர்ந்துகொள்கிறது. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலை, 2011 திசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல், 2015 நவம்பர், திசம்பர் மாத வெள்ளங்கள், 2024 திசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையாற்றில் வந்த பெருவெள்ளம் ஆகியவை இம்மாவட்டத்தைத் தாக்கின. நீரில் மூழ்கிய வண்டியை உடனே உதைத்துப் பார்ப்பது பெருந்தவறு. நீர் காற்றைப்போல் அமுங்காது. சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது பிஸ்டனை விசையுடன் மேலே தள்ளினால் இணைப்புத் தண்டு வளையக்கூடும். எந்திர எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது என அறியலாம். ஆற்று வெள்ளம் சக்கரக் குடத்திலும் பிரேக் உருளையிலும் வண்டலை விட்டுச் செல்லும். கடல்நீரோ கழுவிய பின்னும் அரிப்பை நிறுத்துவதில்லை. ஆதலால் அதில் மூழ்கிய வண்டியின் பாகங்களை முற்றிலும் பிரித்து நன்னீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும்.

எந்திரம்

நெடுநாள் நின்ற எந்திரத்தில் பிஸ்டன் வளையங்கள் துருவினால் சிலிண்டர் சுவருடன் ஒட்டிக்கொள்வதுண்டு. வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட பழைய வண்டிகளில் இது மிகுதி. அத்தகைய வண்டியில் உதைமிதியின்மேல் ஏறி நின்று பலங்காட்டினால் மிதியின் பற்களே உடையும். பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே சில தேக்கரண்டி எந்திர எண்ணெயை ஊற்றி, ஓரிரு நாட்கள் ஊறவிட வேண்டும். பின்னர் வண்டியை உயர் கியரில் வைத்துப் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தால் பெரும்பாலும் இளகிவிடும். இளகாவிடில் சிலிண்டரைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

சென்னை திருவொற்றியூரில் 1955 முதல் தயாரிக்கப்பட்ட புல்லட் வண்டிக்குத் தனியே ஒரு குணம் உண்டு. அதன் எண்ணெய்த் தொட்டியிலிருந்து எண்ணெய் நாளடைவில் பம்பு வழியே கசிந்து, மாற்றச்சு சுழலும் அறைக்குள் இறங்கிவிடும். தொட்டியில் எண்ணெய் குறைந்திருப்பதைக் கண்டு மேலும் ஊற்றிவிட்டு உதைத்தால், புகைபோக்கி வெண்புகை கக்கும். மூச்சுக்குழாய் வழியே எண்ணெய் பீறிடும். எனவே அடியிலுள்ள மூடிகளைத் திறந்து பழைய எண்ணெயை முழுவதும் வடித்த பிறகே புது எண்ணெய் ஊற்ற வேண்டும்.

இராஜ்தூத், மைசூரில் 1996 வரை உருவான எஸ்டி, யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற இருவீச்சு வண்டிகளில் மாற்றச்சின் இருபுறமுள்ள ரப்பர் எண்ணெய்த்தடுப்பிகள் இறுகிப் போகின்றன. அவ்வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுவதால், முடுக்கியை விட்ட பிறகும் எந்திரம் தானே வேகமெடுக்கும். இதனைக் கார்புரேட்டர் குறை எனக் கருதித் திருகுகளைத் திருப்பிக்கொண்டே இருந்தால், கலவையில் பெட்ரோலும் அதனுடன் வரும் எண்ணெயும் குறைந்து இறுதியில் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும்.

எரிபொருள்

பழைய பெட்ரோல் ஆவியாகும் தன்மையை இழந்து பிசினாக மாறுகிறது. வார்னிசு போன்ற நெடியால் இதனைக் கண்டுகொள்ளலாம். இந்தியாவில் பெட்ரோலுடன் எத்தனால் கலக்கும் அளவு படிப்படியாக உயர்ந்து 2025இல் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். நீர் மிகுந்தால் பெட்ரோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கித் துருவை வளர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் அது கெடுக்கும். ஆகவே மிஞ்சிய பெட்ரோலை வெளியேற்றி, தொட்டியின் உட்புறத்தை விளக்கொளியில் பார்த்து, துருவிருப்பின் நீக்கி, வடிகட்டியையும் குழாயையும் மாற்றுவது நலம். கார்புரேட்டரின் சிறு ஜெட் துளையைக் கம்பியால் குத்துவது பட்டறைகளில் வழக்கமாயினும் துளை பெரிதாகிவிடும். துப்புரவுத் திரவமும் அழுத்தக் காற்றும் போதுமானவை. காற்றுவடிகட்டியிலும் புகைபோக்கியிலும் குளவிக் கூடோ எலி வளையோ உள்ளதா என்று பார்க்கத் தவறக்கூடாது.

மின்னமைப்பில் பேட்டரியே முதலில் கெடும். ஓராண்டுக்கு மேல் மின்னேற்றமின்றிக் கிடந்த ஈய-அமில பேட்டரி மீள்வது அரிது. பிளாட்டினம் எனப்படும் தொடுமுனைகள் உள்ள வண்டிகளில் அவற்றின் முகத்தை நுண்தாளால் தேய்த்து, இடைவெளியை ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டராக வைத்தால் தீப்பொறி திரும்பிவிடுவதுண்டு.

பிரேக்கும் டயரும்

உருளை பிரேக்குகளில் ஈரத்தால் உராய்வுப் பட்டை தன் அடித்தகட்டிலிருந்து பெயர்ந்துவிடக்கூடும். வண்டி ஓடும்போது அது கழன்றால் சக்கரமே பூட்டிக்கொள்ளும். சக்கரத்தைக் கழற்றாமல் இதனைக் காண இயலாது. வட்டு பிரேக்குகளில் உள்ள திரவம் ஈரத்தை உறிஞ்சுவது. இரண்டாண்டுக்கு மேற்பட்டதாயின் மாற்றிவிட வேண்டும். பிரேக், கிளட்ச் கம்பிகளில் ஓரிழை அறுந்திருந்தாலும் முழுக்கம்பியையும் மாற்றுவதே முறை.

டயரின் வரிப்பள்ளம் ஆழமாக இருப்பதைக் கண்டு ஏமாறுவோர் பலர். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண், தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2308 எனில் 2008ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பக்கச்சுவரில் வெடிப்பு தோன்றிய டயரை, எவ்வளவு புதிதாகத் தோன்றினும், பயன்படுத்தலாகாது.

ஆவணங்கள்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி தனியார் விசையுந்தின் பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் 25ஆம் எண் படிவத்தில் விண்ணப்பித்து, வண்டியை ஆய்வுக்குக் காட்டி, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இத்தகைய வண்டிகளுக்குப் பசுமை வரியும் உண்டு. கடலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் குறியீடு டிஎன் 31. சிதம்பரத்திற்கு டிஎன் 91. பதிவு காலாவதியான வண்டியை ஆய்வுக்கு ஓட்டிச் செல்வதே சட்டமீறல் என்பதால், குட்டியானை என மக்கள் அழைக்கும் சிறு சரக்குந்தில் ஏற்றிச் செல்வது பாதுகாப்பானது.

உரிமையாளர் இறந்திருந்தால் சிக்கல் கூடுகிறது. 30 நாட்களுக்குள் அலுவலகத்திற்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் 31ஆம் எண் படிவத்தில் பெயர்மாற்றம் கோர வேண்டும் என்பது விதி. துயரில் இருக்கும் குடும்பத்தார் இதனை நினைவில் கொள்வது அரிது. பல ஆண்டுகள் கழித்து வாரிசுச் சான்றிதழ், பிற வாரிசுகளின் இசைவு ஆகியவற்றைத் திரட்டும்போது, அவர்களுள் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் பணி மேலும் நீளும்.

கடலூரில் புதுச்சேரிப் பதிவெண் கொண்ட வண்டிகளும் பலவுண்டு. வேறு மாநிலத்திலோ ஒன்றியப் பகுதியிலோ பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கு வைத்திருந்தால், தடையின்மைச் சான்று பெற்றுப் புதிய பதிவெண் வாங்க வேண்டும்.

மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயமானது. 2019 திருத்தத்தின்படி காப்பீடின்றி ஓட்டினால் முதன்முறை 2000 ரூபாயும், மறுமுறை 4000 ரூபாயும் தண்டம் விதிக்கப்படலாம். தண்டத்தைவிட, விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுச் சுமை உரிமையாளர் மீதே விழும் என்பதே அஞ்சத்தக்கது. மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றும் தேவை. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, பெரிதும் மாற்றப்படாத வண்டிகளைப் பழமை வாகனமாகப் பதிவு செய்ய 2021இல் விதி வகுக்கப்பட்டது. எனினும் அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடப் பயன்பாட்டிற்கு ஓட்ட இயலாது என்பதால் பால் வாங்கச் செல்வோருக்கு இது உதவாது.

முதல் ஓட்டம்

முதல் நாளில் வீட்டைச் சுற்றிச் சில கிலோமீட்டர் மட்டும் ஓட்டி, எண்ணெய்க் கசிவையும் சக்கரக் குடத்தின் சூட்டையும் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 45 கிலோமீட்டர் உள்ள கடலூர் - சிதம்பரம் சாலை அடுத்த சோதனைக்கு ஏற்றது. மேடுபள்ளமற்ற இச்சாலையில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் ஆகிய ஊர்களில் நிறுத்தி, சங்கிலியின் தளர்ச்சியையும் மரைகளின் இறுக்கத்தையும் சரிபார்த்துக்கொள்ளலாம். பேருந்துகள் விரையும் தடமாதலால் இருட்டுமுன் திரும்பிவிடுவது நன்று. முதல் 500 கிலோமீட்டர் முடிந்ததும், உள்ளிருந்து கழுவப்பட்ட கசடு சேர்ந்திருக்கும் ஆகையால், எண்ணெயை மீண்டும் ஒருமுறை மாற்ற வேண்டும்.